மதுரைச் சாலைக்கு எந்த சஸ்பென்ஷன்: டயரில் தொடங்கி காயிலோவர் வரை

ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு ஹேட்ச்பேக் கார். ஸ்விஃப்ட், ஐ20, போலோ போல ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புதிதில் வளைவுகளில் சொன்னபடி திரும்பிய வண்டி இப்போது ரிங் ரோட்டில் எண்பதைத் தாண்டினால் லேசாக மிதக்கிறது. லாரியை முந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர நேரம் எடுத்துக்கொள்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரே வளைவுக்கு ஸ்டீயரிங்கை இரண்டு மூன்று தடவை திருத்த வேண்டியிருக்கிறது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. கடையில் கேட்டால் லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்துவது), காயிலோவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு), ஸ்ட்ரட் பார், பின்பக்க ஆன்டி ரோல் பார் (வளைவில் சாய்வைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி), பெரிய அலாய் சக்கரம் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாமே 'ஹேண்ட்லிங்' பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில பொருட்கள் நம் சாலையில் காரியத்தைக் கெடுக்கவும் செய்யும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் ஓட்டும் காருக்கு நல்ல டயர், கம்பெனி உயரத்துக்கே பொருந்தும் நல்ல ஷாக் அப்சார்பர், தேய்ந்த புஷ்களை (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்களை) மாற்றுவது, சரியான அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) ஆகிய நான்கும் தருகிற பலனில் பாதியைக்கூட, வண்டியைத் தாழ்த்தும் எந்த கிட்டும் மதுரை வட்டாரத்தில் தராது. சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருக்கும் நேரம் கூடக் கூடத்தான் வண்டி சொன்னபடி கேட்கும். இதை மனதில் வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் சாலையைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஒரு ஸ்பிரிங்கை வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த சாலை வேறு. தல்லாகுளத்தில் ஏறி நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2023-இல் திறக்கப்பட்டது. வழவழப்பான சாலைதான், ஆனால் பாலத்தின் இணைப்புகள் ஒரே சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தால் பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டி மூடிய பட்டைகள், சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் மேன்ஹோல் மூடிகள். வெளிவட்டாரத்தில் திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி பக்கம் நான்கு வழிச்சாலை நேராக ஓடும். அதை விட்டு ஒரு கிராமத்துக்குத் திரும்பினால் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதல்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும் மேடு. நம் கிராமச் சாலைகளில் இருப்பது அதே உயரத்தையோ அதைவிடக் கூடுதலான உயரத்தையோ ஒரு முழம் அகலத்துக்குள் அடக்கிய திண்டு. சனி ஞாயிறில் மலை. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், திண்டுக்கல்லில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிறுமலை. இத்தனைக்கும் ஒரே கார்தான். அதில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஐந்து பேரும் பொங்கல் பானையும் ஏறி, குலதெய்வக் கோயிலுக்கு மண் பாதையில் போக வேண்டும்.

வண்டி சாய்வதைப் பற்றியும் ஒரு விஷயம் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பணம் செலவழிப்பது சாய்வைக் குறைக்கத்தான். வளைவில் உள்பக்கச் சக்கரங்களில் இருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மூன்றே: வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆயிரம் கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரம், சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கொஞ்சம் வேகமாக எடுக்கும் வளைவில், அதாவது 0.4 ஜி (வண்டியின் எடையில் 0.4 பங்கு) பக்கவிசையில், சுமார் 147 கிலோ ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போகும். வண்டியை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 139 கிலோ ஆகும். எட்டு கிலோ வித்தியாசம். சாய்வு கண்ணுக்கும் உடம்புக்கும் தெரிகிறது. அது குறைந்ததும் வண்டி மாறிவிட்டதாக ஒரு நிம்மதி வருகிறது. டயருக்கு வந்து சேரும் சுமையோ பெரிதாக மாறியிருக்காது.

தேய்ந்ததை மாற்றுவது

அறுபதாயிரம், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குப் புதிய பொருள் வாங்குவதற்கு முன்னால், இருப்பதில் எது போய்விட்டது என்று பார்ப்பதுதான் மிக மலிவான மேம்பாடு. லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் தேய்மானம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் ரேக் எண்டும் சொல்லிவிடும். சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ்தான் நம் ஊரில் அதிகம் போகிற இடம். பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுவதை அந்த ரப்பர்தான் தடுக்கிறது. அது கிழிந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போதே சக்கரத்தின் கோணம் மாறும். ஓட்டுபவருக்கு அது 'வண்டி அலையுது' என்று மட்டும்தான் தெரியும். சின்னப் பள்ளங்களில் லொடலொடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஆன்டி ரோல் பாரைப் பிணைக்கும் லிங்க் ராட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுண்டுவது போல 'டங்' என்று கேட்டால் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேலே தாங்கும் மவுண்டின் பேரிங்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல கிட்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆனால் இவை போன வண்டியில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் பலன் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையே நடுங்கும்போது ஷாக் என்ன செய்யும்? அதனால் ஒப்பீட்டில் இந்த வழிக்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. மற்ற எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடலாமா என்ற கேள்வி வரும். ஸ்டீயரிங்கின் பதில் கூர்மையாகும் என்பது உண்மை. கூடவே சாலையின் அதிர்வும் சத்தமும் உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். குடும்பக் காருக்குக் கம்பெனி ரப்பரே போதும்.

அலைன்மென்ட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் வேலை. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற வகைத் தூண், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம். அநேக வண்டிகளில் கம்பெனி கொடுத்த வசதியோடு திருத்த முடிவது முன்சக்கர டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) மட்டுமே. பின்சக்கரக் கோணம் தவறாக இருந்தால் பீம் வளைந்திருக்கிறதா, சக்கரம் பூட்டியிருக்கும் ஹப் அடி வாங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அச்சுத் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். கேம்பர் (சக்கரம் செங்குத்தில் இருந்து சாய்ந்திருக்கும் கோணம்) இடது வலதில் மிகவும் வேறுபட்டால் ஏதோ வளைந்திருக்கிறது. அதை டோவைத் திருகி மறைக்கக் கூடாது. டயரில் காற்று சரிபார்க்காமல் அலைன்மென்ட் எடுக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

டயர்

சஸ்பென்ஷன் பற்றிய பேச்சில் டயர் எதற்கு என்று தோன்றலாம். சாலையைத் தொடுவது அது ஒன்றுதான். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். திறந்த வெளியில் நிற்கும் காரின் டயர் ரப்பர் வருஷா வருஷம் இறுகிக்கொண்டே போகும். பட்டன் (டயரின் மேல் உள்ள பள்ளக் கோடுகள்) இன்னும் இருக்கிறது என்று பார்த்து ஏமாறக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய டயர் வறண்ட சாலையில் சமாளிக்கும். ஐப்பசி மழையில் நனைந்த சிறுமலை வளைவில் அது கைவிடும். அந்த வழுக்கலை ஸ்பிரிங்கால் சரிசெய்ய முடியாது.

அளவை மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. 185/65 ஆர்15 டயரின் (185 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், 15 அங்குல ரிம்) மொத்த விட்டம் சுமார் 622 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 சுமார் 621. விட்டம் ஒன்றுதான், அதனால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. மாறுவது பக்கச்சுவரின் உயரம்: 120 மில்லிமீட்டரில் இருந்து 107-க்கு இறங்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும், அது நிஜம். அதே சமயம் மேன்ஹோல் மூடியின் விளிம்பு ரிம்மைத் தொட 13 மில்லிமீட்டர் குறைவாக நசுங்கினால் போதும். இரவில் தெருவிளக்கு இல்லாத சாலைகளில் அதிகம் ஓட்டுபவர் 15 அங்குலத்திலேயே நின்று, டயரின் தரத்தில் பணத்தைப் போடுவது நல்லது என்பது என் கருத்து. அடிப்படை மாடலில் 165/80 ஆர்14 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் அதே வண்டியின் உயர் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் 15 அங்குல ரிம்முக்கும் டயருக்கும் மாறினால், இந்தக் கட்டுரையில் உள்ள எதையும்விட அதிக வித்தியாசத்தை முதல் நாளே உணர்வார்கள். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணிப்பது மட்டும் வேண்டாம். பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, திருப்பத்தில் நெளியும். போட்ட பணத்துக்கு எதிரான பலன்தான் கிடைக்கும்.

காற்றழுத்தம் செலவில்லாத விஷயம். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஐந்து பேரும் சாமானும் என்றால் பின்சக்கரத்துக்குத் தனி அளவு அதிலேயே போட்டிருக்கும்.

ஷாக் அப்சார்பர்: பணத்தை இங்கே போடலாம்

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. பள்ளத்தில் விழுந்து எழும் சக்கரத்தைத் திரும்பத் தரையில் வைப்பதும், லேன் மாறும்போது உடல் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலை. கடைசிச் சாய்வின் அளவை ஷாக் மாற்றாது. அங்கே போய்ச் சேரும் வேகத்தை மாற்றும். தெரு ஓட்டத்தில் நமக்கு 'வண்டி கையில் இருக்கிறது' என்ற உணர்வு பெரும்பாலும் அந்த வேகத்தில் இருந்துதான் வருகிறது.

ஷாக் ஒரே நாளில் போவதில்லை, அதனால் அதன் சரிவு ஓட்டுபவருக்குப் பழகிவிடும். பானட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதைவிட நல்ல சோதனை நத்தம் மேம்பாலம். அறுபது எழுபதில் ஒரு இணைப்பைத் தாண்டியதும் வண்டி ஒரே அசைவில் அமர வேண்டும். அடுத்த இணைப்பு வரும்வரை ஆடிக்கொண்டே போனால் காலம் வந்துவிட்டது. டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தால் பேச்சே இல்லை.

இங்கே மூன்று வழிகள். ஒன்று, கம்பெனி ஷாக்கையே புதிதாகப் போடுவது, அல்லது கேப்ரியல், கேஒய்பி போன்றவர்கள் தரும் அதற்கு இணையானது. வண்டி வாங்கிய புதிதில் எப்படி இருந்ததோ அதற்குத் திரும்பும். அன்று அந்த வண்டியைப் பிடித்துத்தான் வாங்கினீர்கள் என்றால், இதோடு நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை.

இரண்டாவது, கம்பெனி உயரத்துக்கே பொருந்தும் உயர்தர ஷாக். பில்ஸ்டீன் பி6, கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் இந்த வகை. பி6 ஒற்றைக்குழாய் அமைப்பு. எண்ணெயும் உயர் அழுத்த வாயுவும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். சாதாரண இரட்டைக்குழாய் ஷாக்கில் தொடர்ந்து மேடு பள்ளத்தில் ஓடும்போது எண்ணெயில் நுரை கட்டி, தடுக்கும் சக்தி குறையும். ஒற்றைக்குழாயில் அது வெகுவாகக் குறைவு. வெளிக்குழாயே எண்ணெயைத் தொட்டிருப்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். கோனி ஸ்பெஷல் ஆக்டிவின் வழி வேறு. வேகமான சிறு அதிர்வுக்கு ஒரு வால்வு திறந்து இளகிக்கொடுக்கும். மெதுவான பெரிய அசைவுக்கு இறுகி நிற்கும். தோண்டி மூடிய தெருவுக்கும் நான்கு வழிச்சாலைக்கும் ஒரே வண்டியை வைத்திருக்கும் நமக்குக் கோனியின் இந்தக் குணம் மிகவும் பொருந்துகிறது. வண்டியின் உயரம் குறையாது, ஸ்பிரிங்கின் மென்மையும் போகாது.

குறை என்னவென்றால், எல்லா வண்டிக்கும் கிடைக்காது. ஐரோப்பாவிலும் ஓடிய போலோ போன்றவற்றுக்குத் தேர்வு நிறைய. இந்தியாவுக்கு மட்டும் வந்த மாடல்களுக்கு அநேகமாகப் பூஜ்யம். நம் நாட்டுப் பதிப்பின் ஸ்பிரிங் உயரமும் வேறாக இருப்பதால், பட்டியலில் வண்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், ஸ்ட்ரட்டின் நீளமும் ஸ்பிரிங் தட்டின் இடமும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி, பழைய ஷாக்கை ரீகண்டிஷன் செய்வது. ஓட்டை போட்டு எண்ணெய் மாற்றி, திரும்ப வெல்டு வைத்துக் கொடுக்கிறார்கள். விலை மலிவு. உள்ளே தேய்ந்திருப்பது வால்வும் சீலும் பிஸ்டன் கம்பியும். எண்ணெய் மட்டும் மாறினால் அவை புதிதாகிவிடாது. இடதும் வலதும் ஒரே மாதிரி வரும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. நடுவழியில் பிரேக் அழுத்தும்போது இரண்டு பக்கமும் வேறு வேறாக அமிழும் வண்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் ஜோடியாக மாற்றுங்கள். மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதும் அமிழும்போது இடிதாங்கும் ரப்பர்), தூசி உறை மூன்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றுகிற கூலி எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள்.

ஸ்பிரிங்கைத் தொடுவது

லோயரிங் ஸ்பிரிங்கின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறைந்ததும் வண்டி அழகாக நிற்கும். ஐபாக் போன்ற நல்ல நிறுவனத்தின் ஸ்பிரிங் நிதானமாகவே வடிவமைக்கப்பட்டிருக்கும். ஆனால் கணக்கு போடுவோம். 2018-இல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 35 தாழ்த்தினால் 128. ஐந்து பேர் ஏறினால் இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும். பத்து சென்டிமீட்டர் உயரத் திண்டின் மேல் அந்த வண்டி எப்படி ஏறி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த ஸ்பிரிங்கை, உயரம் கூட்டி விற்கப்படும் நம் நாட்டு வண்டியில் போட்டால் பட்டியலில் சொன்னதைவிட அதிகமாகவே இறங்கும்.

தரை தட்டுவதுகூட வெளியே தெரியும் தொல்லை. தெரியாத தொல்லைகள் இரண்டு உண்டு. மெக்ஃபெர்சன் அமைப்பில் வண்டியைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் சாயும் போக்கும் கூடுகிறது. புது ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் ஒரு பங்கு அதை ஈடுகட்டவே செலவாகிறது. இன்னொன்று, ஷாக்கின் ஓட்டம். தாழ்த்திய வண்டியில் ஷாக் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்க மிச்சமிருக்கும் தூரம் குறைவு. மலை வளைவில் பாதியில் ஒரு பள்ளம் வந்து ஷாக் அடிமட்டத்தைத் தொட்டால் அந்தச் சக்கரத்தின் பிடி திடீரென்று மாறும். மெதுவாக நழுவும் வண்டியைத் திருத்தலாம், திடீரென்று விடும் வண்டியைத் திருத்துவது கடினம்.

கம்பெனி ஷாக்கோடு லோயரிங் ஸ்பிரிங்கை மட்டும் போடுவது அநேகம் பேர் செய்வது. ஸ்பிரிங் 30 சதவீதம் இறுகினால் அதே அளவு கட்டுப்பாட்டுக்கு ஷாக்கின் தடுப்பும் ஏறக்குறைய 14 சதவீதம் கூட வேண்டும். ஏற்கெனவே தளர்ந்துபோன ஷாக் அதை எங்கிருந்து கொடுக்கும்? போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், நீளம் குறைத்துச் செய்யப்பட்ட ஷாக்கோடு ஒரே தொகுப்பாக வருவதை வாங்குங்கள். பில்ஸ்டீன் பி8-ஐயும் ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து பி12 என்று விற்பது அப்படி ஒன்று.

"அண்ணே, எதுக்கு அவ்வளவு செலவு, ஒரு சுத்து வெட்டி இறக்கிரலாம்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் இறுகும், குட்டையாகவும் ஆகும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் தட்டில் இருந்து நகர்ந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. இது ஹேண்ட்லிங் பிரச்சினையைத் தாண்டி உயிர்ப் பிரச்சினை.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் நம் ஊரில் பிரபலம்: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் அல்லது பாலியூரிதேன் பஃபர். பின்பக்கம் தட்டுகிறது என்று போடுகிறார்கள். வண்டி உயரும், நிறைய ஆட்கள் ஏறினால் அமிழ்வதும் குறையும். ஆனால் அது செய்வது சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான். ஸ்பிரிங் இறுகிவிடும், ஷாக் பழையபடியே இருக்கும். ஆள் இல்லாமல் தனியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளும். பின்பக்கம் தட்டினால் முதலில் ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் பாருங்கள்.

காயிலோவர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்தையும், நல்லவற்றில் தடுப்பையும் திருகி மாற்றிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் நாட்களில் ஓட்டுபவருக்கு அந்த வசதி பொருள் உள்ளது. லட்சத்தைத் தொடும் செலவு. திருகு மறைகளில் புழுதியும் சேறும் ஏறாமல் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஓட்டம் குறைவு, ஸ்பிரிங் கல் போல இருக்கும். தெருவுக்கு மட்டும் ஓட்டும் வண்டிக்கு நான் வாங்க மாட்டேன்.

கம்பிகள்

ஆன்டி ரோல் பார் கொஞ்சம் யோசிக்க வேண்டிய பொருள். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் 46 சதவீதம் விறைப்பு கூடும். நேர் சாலையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் சொகுசு குறையாமல், வளைவில் மட்டும் வேலை செய்வது இதன் சிறப்பு. முன்சக்கர இழுப்பு வண்டிகள் வளைவில் மூக்கை வெளியே தள்ளும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் எடை மாற்றத்தில் அதிகப் பங்கு பின்சக்கரங்களுக்குப் போகும், முன்சக்கரங்களுக்குப் பிடி மிஞ்சும், மூக்கு உள்ளே வரும். டார்ஷன் பீம் வண்டிகளில் பீமோடு சேர்த்துப் பூட்டும் பின்பக்கக் கம்பி கிடைக்கிறது. கொடுக்கும் பணத்துக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம் இது.

எனக்கு இருக்கும் தயக்கம், அந்த வண்டியை வேறு யாரெல்லாம் ஓட்டுவார்கள் என்பதில். ஈரச் சாலை வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், மூக்கைத் தள்ளும் வண்டி வேகம் குறைந்து தானாகவே கோட்டுக்குத் திரும்பும். பின்பக்கம் மிகவும் விறைப்பான வண்டி வாலைச் சுழற்றப் பார்க்கும். அப்பாவும் தங்கையும் ஓட்டும் வண்டி என்றால் கம்பெனி வைத்த குணத்தை மாற்றாதீர்கள். தனியாக ஓட்டுபவர், நல்ல டயரும் ஷாக்கும் ஏற்கெனவே போட்டவர், அடுத்த படியாக இதை எடுக்கலாம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தலையை ஆட்டுவது கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பானட்டுக்குள் இரண்டு ஸ்ட்ரட்டையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார், இன்றைய வண்டிகளின் விறைப்பான உடலில் தெரு வேகத்தில் பெரிதாக உணரப்படாது. அதே பணத்தை டயரில் சேர்த்துவிடலாம்.

ஆகவே, வண்டி அறுபதாயிரம் தாண்டியிருந்தால் புஷ், ஜாயிண்ட், அலைன்மென்ட், பிறகு டயர். ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். அதன் பிறகும் மேம்பாலத்தில் மிதந்தால் ஷாக். பணமும் பொருளும் கிடைத்தால் உயர்தரமானது, இல்லையென்றால் கம்பெனி ஷாக். மலைக்கு அடிக்கடி போகிறவர், ஓட்டுவதையே ஒரு சந்தோஷமாக நினைப்பவர், பின்பக்கக் கம்பிவரை போகலாம். தாழ்த்துவது அழகுக்காகத்தான் என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டு செய்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஹேண்ட்லிங்குக்காக என்று செய்தால் மட்டும்தான் ஏமாற்றம்.

ஒர்க்‌ஷாப்பில் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும் நிலையிலேயே முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையில் பூட்டப்பட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். புது புஷ் சில மாதங்களிலேயே கிழியும், வண்டியும் கொஞ்சம் உயரமாக, விறைப்பாக நிற்கும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தில் எடை வந்த பிறகு, கம்பெனி சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங்கும் மாறியிருந்தால் அது அமர்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்னொரு தடவை எடுங்கள். கம்பெனி அளவை விட்டு எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை ஆர்.சி. நகலோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. டயர் அளவை மாற்றும்போது, அந்த மாடலுக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள் நில்லுங்கள்.